உஷார்! உங்கள் ராஜினாமாக் கடிதம் போனுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது

முதலில் ஒரு கேள்வி. நாளைக் காலை உங்கள் மேனேஜர் எல்லோர் முன்னாலும் உங்களை வாய்க்கு வந்தபடி பேசிவிடுகிறார் என்று வையுங்கள். "நீயும் வேணாம், உன் வேலையும் வேணாம்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால், அடுத்த சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் ஓட்டுவீர்கள்?

சோழிங்கநல்லூர், துரைப்பாக்கம் பக்கம் பி.ஜி.யில் தங்கி வேலைக்குப் போகும் என் வயதுக்காரர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். "ஆறு மாசம்" என்று சொன்னவர் யாருமில்லை. "ஒரு மாசம் தாங்கும் மச்சி, அப்புறம் டியூ இருக்கே" என்பதுதான் திரும்பத் திரும்ப வந்த பதில். வாடகை இருக்கே என்றோ, வீட்டுக்கு அனுப்பணுமே என்றோ முதலில் வாயில் வரவில்லை. டியூதான் வந்தது. போனுக்கு டியூ, பைக்குக்கு டியூ, லேப்டாப்புக்கு டியூ, போன தீபாவளி ஆஃபரில் எடுத்த வாட்ச்சுக்கு டியூ. இவற்றுக்குக் கீழே, கணக்கிலேயே வராமல், 99-ம் 149-மாக ஒரு டஜன் சந்தாக்கள்.

'இந்தக் காலத்துப் பிள்ளைங்க கண்டபடி செலவு பண்ணுதுங்க' என்ற வழக்கமான புலம்பலாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருவன். நல்ல கேமரா உள்ள போன் எனக்கும் பிடிக்கும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து ஒரு மலையாளப் படத்தைப் போட்டுவிட்டு, பாதியில் தூங்கிப்போவது எனக்கும் சுகம்தான். ஒருமுறை செய்த செலவு அன்றோடு முடிந்துவிடும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மாதாமாதம் நம்மைக் கேட்காமல் போகும் பிடித்தம்தான் பயமாக இருக்கிறது. ஒவ்வொரு பிடித்தமும் நம்மை இப்போதிருக்கும் வேலையோடு இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுகிறது. பிடிக்காத வேலையை விடும் துணிச்சலைத்தான் நாம் 12 தவணையாகவும் 24 தவணையாகவும் விற்றுக்கொண்டிருக்கிறோம். விற்பது தெரியாமலே விற்கிறோம் என்பதால்தான் இந்த உஷார்.

ஒரு ரூபாய்தானே!

இப்போது சுடச்சுட நடந்துகொண்டிருப்பதிலிருந்து தொடங்குகிறேன். ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போகும்போது இடையில் ஒரு நாடகத் துண்டு வரும். நீள வாக்கில் எடுத்த படம், ஒன்றரை நிமிடம். வாசலில் நிற்கும் வாட்ச்மேன்தான் உண்மையில் கம்பெனி முதலாளி. மருமகள் மீது மாமியார் கை ஓங்குகிறார். அறை விழுந்ததா இல்லையா என்று தெரிவதற்குள் வெட்டிவிடுவார்கள். மிச்சம் பார்க்கச் செயலியை இறக்க வேண்டும். 7 நாள் ட்ரையல், வெறும் 1 ரூபாய். அந்த மாமியார் என்ன செய்தாள் என்று தெரிந்துகொள்ள 1 ரூபாய் கொடுக்கலாம்தான். யு.பி.ஐ. பின்னைத் தட்டுகிறோம்.

தட்டிய பின் அந்த 1 ரூபாயோடு நிற்பதில்லை. 'ஆட்டோபே' என்ற நிரந்தர உத்தரவுக்கு நாம் சம்மதம் கொடுத்துவிட்டோம். பின் கேட்பதற்கு முந்தைய திரையில் அதிகபட்சத் தொகை எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதி வரை என்று எல்லாம் போட்டிருக்கும். அந்தக் கடைசித் தேதியை ஒருமுறை உற்றுப் பாருங்கள்; பல நேரம் அது பல ஆண்டுகள் தள்ளி இருக்கும். எட்டாம் நாள் 299 போகும், அல்லது 499. ஜாதகம் பார்க்கும் செயலி, இங்கிலீஷ் சொல்லித்தரும் செயலி, தொப்பை குறைக்கும் செயலி, போட்டோவை ஓவியமாக்கும் செயலி என்று எல்லோரும் இதே வழியைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள்.

யு.பி.ஐ. ஆட்டோபே 2020 ஜூலையில் வந்தது. இன்சூரன்ஸ் பிரீமியம், கரன்ட் பில் போன்றவற்றை மறக்காமல் கட்ட அது நல்ல வசதி, மறுக்கவில்லை. தொடர் பிடித்தங்களுக்கான ரிசர்வ் வங்கியின் விதிமுறை 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. முதல்முறை மட்டும் பின் அல்லது ஓ.டி.பி. கொடுத்தால் போதும், ஒரு வரம்பு வரை அடுத்தடுத்த மாதங்களுக்கு எதுவும் கேட்காது. அந்த வரம்பு அப்போது 5,000 ரூபாயாக இருந்தது. 2022 ஜூனில் அதை 15,000 ஆக்கினார்கள். நம்மில் பலருக்கு அது பாதிச் சம்பளம். இதற்கு ஈடாக ஒரு பாதுகாப்பும் வைத்தார்கள். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும். அதிலிருந்து விலக வழி இருக்க வேண்டும். தகவல் வரத்தான் செய்கிறது. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியை யார் திறந்து பார்க்கிறோம்? 'உங்களுக்கு 5 லட்சம் கடன் தயார்', 'பிறந்தநாள் வாழ்த்துகள்' இவற்றுக்கு நடுவே அதுவும் படிக்கப்படாமல் கிடக்கும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டால் பிடித்தம் நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். நிற்காது. செயலி போய்விடும், உத்தரவு வங்கியில் அப்படியே இருக்கும். ரத்து செய்ய மூன்று இடங்கள் உண்டு. யு.பி.ஐ. வழியாகக் கொடுத்திருந்தால் நீங்கள் பணம் அனுப்பும் அதே யு.பி.ஐ. செயலிக்குள் 'ஆட்டோபே' என்ற பகுதி. கார்டு கொடுத்திருந்தால் உங்கள் வங்கியின் செயலியிலோ தளத்திலோ 'இ-மாண்டேட்' அல்லது 'ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற பகுதி. கூகுள் பிளே, ஆப்பிள் வழியாக வாங்கியிருந்தால் அந்தக் கணக்கில் இருக்கும் சந்தாப் பட்டியல். மூன்றையும் பார்க்க வேண்டும், ஒன்றைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. என் அறைத்தோழன் இப்படித் திறந்து பார்த்தபோது, கடைசி வருடம் பிளேஸ்மென்ட்டுக்காகச் சேர்ந்த ஆன்லைன் கோர்ஸுக்கு இன்னும் பணம் போய்க்கொண்டிருந்தது. வேலை கிடைத்து, அந்த வேலையை விட்டு, அடுத்த வேலையில் அவன் சேர்ந்த பிறகும் அந்தக் கோர்ஸ் அவனைத் தயார் செய்துகொண்டே இருந்திருக்கிறது!

சேர்வதற்கு ஒரே தட்டு, விலகுவதற்கு ஏழு திரை என்ற இந்த வித்தையை அரசே தவறு என்று சொல்லியிருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இப்படி 13 தந்திரங்களைத் தடை செய்கின்றன. சந்தாப் பொறி அதில் ஒன்று. கேட்காத இன்சூரன்ஸோ நன்கொடையோ கூடையில் தானாக ஏறி உட்கார்வது இன்னொன்று. '2 மட்டுமே மீதி' என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அதில் வருகிறது. 'வேண்டாம், எனக்குச் சேமிக்கப் பிடிக்காது' என்று எழுதிய பொத்தானை அமுக்க வைத்து நம்மைக் கூச்சப்படுத்துவதும்கூட அந்தப் பட்டியலில் இருக்கிறது. இவற்றைப் பார்த்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். 299 ரூபாய்க்காக யார் அழைப்பார்கள் என்று நாம் நினைப்போம் என்பதை நம்பித்தான் அந்தத் தொழிலே நடக்கிறது.

வட்டியில்லாத் தவணையின் வட்டி

தவணையில் பொருள் வாங்குவது நம் தலைமுறை கண்டுபிடித்தது இல்லை. 1978-ல் வசந்தகுமார் தொடங்கிய வசந்த் அண்ட் கோ தவணையில் கொடுத்தே தமிழ்நாட்டு வீடுகளுக்குள் டி.வி.யையும் ஃபிரிட்ஜையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தக் காலத் தவணைக்கு ஒரு குணம் இருந்தது. ஒன்று முடிந்த பிறகுதான் வீட்டில் அடுத்ததைப் பற்றிப் பேச்சே எடுப்பார்கள். வசூலுக்கு வருகிறவர் முகம் தெரிந்தவர். "பையனுக்கு ஃபீஸ் கட்டிட்டேன் அண்ணே, அடுத்த வாரம் வாங்க" என்று சொல்ல முடிந்தது. இன்று வசூலுக்கு வருவது சர்வர். 5-ஆம் தேதி விடியற்காலை அது எடுத்துக்கொள்ளும். வீட்டில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்ற பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். 60,000 ரூபாய் போன், மாதம் 5,000 வீதம் 12 மாதம், கூடுதல் ஒரு பைசா இல்லை என்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. ஆண்டுக்கு 16 சதவீதம் என்று வைத்தால் வட்டி சுமார் 4,900 ரூபாய். அந்தத் தொகையைக் கடைக்காரரோ கம்பெனியோ விலையில் முன்கூட்டியே கழித்துக்கொடுப்பதால் கூட்டிப் பார்த்தால் 60,000 வருகிறது. ஆனால் கிரெடிட் கார்டில் எடுத்தால் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அது சுமார் 880. செயல்பாட்டுக் கட்டணம் 199 என்றால் அதற்கும் ஜி.எஸ்.டி. ஆக, செலவே இல்லாத தவணைக்கு 1,100 ரூபாய்க்கு மேல் செலவு. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வட்டிக்காகக் கழித்துக்கொடுக்கும் அந்த 4,900-ஐ ரொக்கமாக வாங்குபவருக்கு ஏன் குறைக்கவில்லை? கடையில் கூச்சப்படாமல் கேளுங்கள். ரிச்சி தெருவில் பேரம் பேசத் தெரிந்த நாம், ஏ.சி. ஷோரூமுக்குள் போனதும் ஊமையாகிவிடுகிறோம்.

பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதியது. கிரெடிட் கார்டு நிலுவைக்குப் பூஜ்ய சதவீதத் தவணை என்று சொல்லிவிட்டு, வட்டியைச் செயல்பாட்டுக் கட்டணத்துக்குள் ஒளித்து வைக்கிறார்கள் என்று அதில் சுட்டிக்காட்டியது. அதன் பிறகு வந்த பெயர்தான் 'நோ காஸ்ட்'. பெயர் வைப்பதில் நம்மாட்களை மிஞ்ச முடியாது.

நிதி நிறுவனக் கடனில் கடையிலேயே போன் எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். தவணை தவறினால் போனைத் தூரத்திலிருந்தே பூட்டும் செயலியைச் சிலர் அதில் ஏற்றிக் கொடுக்கிறார்கள். டெலிவரி வேலை பார்ப்பவருக்கோ கேப் ஓட்டுபவருக்கோ போன் பூட்டினால் அன்றைய வருமானமும் பூட்டிக்கொள்ளும். கையெழுத்துப் போடும் முன் "இதுல லாக் ஆப் இருக்கா?" என்று கேளுங்கள்.

கிரெடிட் கார்டு பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று இருக்கும். அதைக் கட்டினால் அபராதம் இல்லை. மகிழ்ச்சி அதோடு சரி. 40,000 ரூபாய் பாக்கிக்கு 5 சதவீதம் என்று 2,000 கட்டுகிறீர்கள். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,400, அதற்கு ஜி.எஸ்.டி. 252. நீங்கள் கட்டிய 2,000-த்தில் அசலில் கழிவது சுமார் 350 ரூபாய்தான். ஆண்டுக்கு 42 சதவீத வட்டி இது. கந்துவட்டி என்றால் கொதித்தெழும் நாம் இதை மட்டும் ரிவார்டு பாயின்ட் வருகிறதே என்று பொறுத்துக்கொள்கிறோம். போதாக்குறைக்கு, முழுப் பாக்கியையும் கட்டாதவரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. டீக்கடையில் கார்டு தேய்த்தால் டீக்கும் அன்றிலிருந்தே வட்டி.

தவறினால் என்ன ஆகும்?

"ரெண்டு மாசம் கட்டலைன்னா என்ன பண்ணிடுவான்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இரண்டு காரியம் ஆகும். இரண்டும் பலருக்குத் தெரியாது.

முதலாவது, சட்டம். செக் பவுன்ஸ் ஆனால் வழக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கணக்கில் பணமில்லாமல் மின்னணுப் பிடித்தம் திரும்பினாலும் அதேபோல் வழக்குப் போட முடியும். 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆவது பிரிவு அதற்குத்தான். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நோட்டீஸ் வந்து 15 நாளுக்குள் கட்டிவிட்டால் வழக்கு வராது. எனவே பழைய பி.ஜி. முகவரிக்கு வரும் தபாலை அலட்சியம் செய்யாதீர்கள். வீடு மாறினால் வங்கியில் முகவரியை மாற்றுங்கள். இது போக, ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வங்கி ஒரு கட்டணத்தை உருவும்.

இரண்டாவது, உங்கள் அடுத்த வேலை. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், அவருடைய கடன் வரலாறு சரியில்லை என்று ரத்து செய்யப்பட்டது. கடன்களை அடைத்துவிட்டதாக அவர் வாதாடியும், வங்கி செய்தது சரியே என்றது நீதிமன்றம். தேர்வுக்குப் படித்து, எழுதி, நேர்காணலில் தேறி, உத்தரவு கைக்கு வந்த பிறகு! வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே தவணையில் போன் எடுத்துவிட்டு, 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று விட்டு வைத்திருக்கும் தம்பி, தங்கைகள் இந்தத் தீர்ப்பை மறக்கவே கூடாது.

உங்கள் கடன் வரலாற்றை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் தலா ஒரு முழு அறிக்கையைக் காசில்லாமல் தர வேண்டும். அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கே போய் எடுங்கள். 'இலவச ஸ்கோர்' என்று கூவி அழைக்கும் மூன்றாம் தரப்புச் செயலிகள் உங்கள் நம்பரை வாங்கிக்கொண்டு, அடுத்த நாளிலிருந்து கடன் வேண்டுமா என்று கூப்பிட ஆரம்பிக்கும். அறிக்கையில் நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால் உடனே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள்.

தவணை கட்ட முடியாமல் கடன் செயலிக்குப் போகிறவர்கள் அடுத்த ரகம். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதி போட்டுவிட்டது. கடன் செயலி உங்கள் போனின் தொடர்பு எண்களையும் போட்டோக்களையும் தொடக் கூடாது. பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டியை முதலிலேயே எழுதிக் காட்ட வேண்டும். மனம் மாறினால் அபராதமின்றித் திருப்பிக் கொடுக்கச் சில நாள் அவகாசம் தர வேண்டும். உங்கள் கான்டாக்ட்ஸைக் கேட்கும் செயலி எதுவாக இருந்தாலும் அங்கேயே மூடிவிடுங்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் அழைக்கக் கூடாது. உங்கள் அப்பாவுக்கோ அலுவலக நண்பருக்கோ போன் போட்டு மானத்தை வாங்கக் கூடாது. இப்படி நடந்தால் அழைப்பின் பதிவோடு முதலில் அந்த நிறுவனத்துக்கே புகார் எழுதுங்கள். பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். உதவி எண் 14448. போட்டோவை மார்ஃபிங் செய்து மிரட்டினால் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

பைக்குக்காக ஓடும் ஓட்டம்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட்டில் இருக்கும் ஊர்க்கார நண்பன் சொன்னான்: "வேலைக்குப் போகத்தான் பைக் வாங்குனேன். இப்ப பைக்குக்காக வேலைக்குப் போறேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவன் வாரத்தில் பாதி நாள் ஓ.டி. பார்க்கிறான். சூப்பர்வைசர் ஞாயிற்றுக்கிழமை வா என்றால் மறுக்க மாட்டான். மறுத்தால் அடுத்த முறை கான்ட்ராக்ட் நீளாது என்ற பயம். இத்தனைக்கும் அவன் கையில் நல்ல டிப்ளமோ இருக்கிறது. கோயம்புத்தூரில் இதைவிட நல்ல இடம் ஒன்று அழைத்தது. முதல் மூன்று மாதம் பயிற்சிச் சம்பளம்தான் தருவார்கள் என்பதால் போகவில்லை. அந்த மூன்று மாதத்தைத் தாண்ட அவனிடம் ஒன்றுமில்லை. என்னைப் பொறுத்தவரை அந்த பைக்கின் உண்மையான விலை, போகாமல் விட்ட அந்த வேலை.

ஐ.டி.யில் இருப்பவர்கள் நமக்கென்ன என்று இருக்க வேண்டாம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. மொத்த ஊழியர்களில் அது 2 சதவீதம்; பெரும்பாலும் இடைநிலை, மேல்நிலை ஊழியர்கள். அதாவது பத்து, பதினைந்து வருடம் அனுபவம் உள்ள, வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் உள்ள அண்ணன்கள், அக்காக்கள். அந்த வாரம் ஓ.எம்.ஆர். டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. எங்கள் டீமில் ஒரு சீனியர் அன்று சொன்னார்: "லேஆஃப்கூடப் பரவாயில்லப்பா. லேஆஃப் வரும் வரும்னு பயந்து, சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுறோம் பாரு, அதான் கொடுமை." மூன்று மாத நோட்டீஸ் பீரியட் போட்டு நம்மைக் கட்டிவைக்கும் கம்பெனியை நாம் திட்டுகிறோம். 24 மாதக் கட்டு ஒன்றை நாமே நமக்குப் போட்டுக்கொண்டு, அதற்கு அன்பாக்சிங் வீடியோவும் எடுக்கிறோம்.

மாட்டிக்கொண்டவனின் அவசரத்தை மோப்பம் பிடித்து வருகிறவர்கள் உண்டு. 'வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை, வீடியோவுக்கு லைக் போட்டால் காசு' என்று டெலிகிராமில் தொடங்குவார்கள். முதல் நாள் 150 ரூபாய் உண்மையிலேயே வரும். நான்காம் நாள் 'பிரீமியம் டாஸ்க்' என்று பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிய பணம் திரும்பாது. வேலை கொடுக்கிறவர் உங்களிடம் காசு கேட்டால் அது வேலை இல்லை, அவ்வளவுதான். இன்னொரு வாசல் பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்). செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். சராசரி நஷ்டம் ஆளுக்குச் சுமார் 2 லட்சம். 2023-24-ல் அப்படி வணிகம் செய்தவர்களில் 43 சதவீதம் பேர் 30 வயதுக்குக் கீழ். நம் வயது. காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட்டில் சட்டமே நிறைவேற்றிவிட்டது. ஆனாலும் வேறு பெயரில் லிங்க் வந்துகொண்டுதான் இருக்கும்.

சரி, ஜாலியாக இருக்கவே கூடாதா?

இருக்கலாம். தாராளமாக இருக்கலாம். நான் யாரையும் சாமியாராகச் சொல்லவில்லை. ஆனால் நாம் வாங்கி வைத்திருப்பதில் பாதியை அனுபவிப்பதே இல்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான்கு ஓ.டி.டி. சந்தா வைத்திருப்பவன் ராத்திரி அரை மணி நேரம் போஸ்டர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, கடைசியில் யூடியூபில் பழைய வடிவேலு காமெடியைப் போடுகிறான். அனுமார் வாலாக நீளும் 'பிறகு பார்க்க' பட்டியலுக்கு மாதாமாதம் வாடகை. அதுவும் இப்போது காசு கொடுத்தாலும் விளம்பரம் வருகிறது. அமேசான் பிரைம் வீடியோ 2025 ஜூன் முதல் இந்தியாவில் விளம்பரம் போடத் தொடங்கியது. விளம்பரம் வேண்டாம் என்றால் தனியாக மாதம் 129 ரூபாய். ஒரு மாதம் ஒரு சந்தா, முடிந்ததும் ரத்து, அடுத்த மாதம் வேறொன்று என்று மாற்றிக்கொண்டால் எந்தப் படமும் தப்பாது. படங்கள் எங்கேயும் ஓடிப்போவதில்லை.

போன் விஷயமும் அப்படித்தான். 2023 அக்டோபரில் வந்த கூகுள் பிக்சல் 8-க்கும், 2024 ஜனவரியில் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 ஆண்டுகள் அப்டேட் தருவதாக அந்த நிறுவனங்களே அறிவித்திருக்கின்றன. விற்பவனே ஏழு வருடம் ஓடும் என்கிறான். வாங்கிய நமக்குத்தான் இரண்டாம் வருடமே அது பழசாகத் தெரிகிறது. பேட்டரி நிற்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றுங்கள். சில ஆயிரத்தில் முடிகிற காரியம். 'எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்' என்று வரும் அறிவிப்பு உங்கள் போன் பழசானதற்கான அறிவிப்பு இல்லை. அவர்களுடைய காலாண்டு முடியப்போவதற்கான அறிவிப்பு.

சென்னையில் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-லிருந்து இருக்கிறது. மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்தது. உள்ளே போய்ப் படிக்கக் கட்டணம் இல்லை. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் பி.ஜி. அறையில் வெந்துகொண்டிருப்பதைவிட அங்கே ஏ.சி.யில் உட்கார்ந்திருப்பது எவ்வளவோ மேல். படிக்க வேண்டும் என்றுகூட இல்லை. டிசம்பரில் பல சபாக்களில் காலை, மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. வெளியே கேன்டீனில் மட்டும் கொஞ்சம் காசு செலவாகும். பெசன்ட் நகர் கடற்கரைக்கு எந்த ஆட்டோபேயும் வேண்டாம். இதையெல்லாம் சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. நல்லாயிருக்கும், அதனால் சொல்கிறேன்.

புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்கு என் கறாரான கருத்து இது: ஆறு மாதச் செலவுப் பணம் தனிக் கணக்கில் சேரும்வரை ஒரு தவணைக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். அம்மாவுக்கு மருத்துவச் செலவு, தங்கையின் படிப்பு போன்றவை வேறு; அங்கே இந்தக் கணக்குச் செல்லாது. போனும் வாட்ச்சும் ஹெட்போனும் காத்திருக்கும். ஏற்கெனவே தவணையில் இருப்பவர்கள் எல்லாவற்றின் வட்டியையும் ஒரு தாளில் எழுதி, அதிக வட்டி உள்ளதை முதலில் ஒழியுங்கள். பெரும்பாலும் அது கிரெடிட் கார்டாகத்தான் இருக்கும். போனஸ் வந்தால் அதற்குப் போகட்டும். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்தால் முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள். வசூல் முகவர் சொல்லித் தெரிவதைவிட நீங்கள் சொல்லித் தெரிவது நல்லது.

இன்று இரவு ரீல்ஸுக்குள் போகும் முன், நான் சொன்ன அந்த மூன்று இடங்களையும் திறந்து பாருங்கள். பெயரே ஞாபகமில்லாத பிடித்தம் ஒன்றாவது இருந்தால், அடுத்த சம்பளம் ஏறுவதற்கு முன் ரத்து செய்யுங்கள். அப்பாவின் போனையும் வாங்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்த மாமியார் நாடகத்தை அவரும் பார்க்கிறார்.